என்னைக் கடந்து போன அப்பத்தட்டு

போன மாதம் ஏற்காட்டில் என்னைப் பின் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில்கூட நான் பின் பெஞ்சில் உட்கார்ந்தது கிடையாது. குள்ளம் என்பதால் எப்போதும் முதல் வரிசைதான். நாற்பத்தெட்டு வயதில், பட்டுப்புடவை கட்டி, முக்காடு போட்டு, வேதப்புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனவளுக்கு இந்த மரியாதை!

நடந்ததைச் சொல்கிறேன். ஜுரத்தில் படுத்து எழுந்திருந்தேன். ஏற்காட்டில் டீச்சராக இருக்கும் என் பள்ளித் தோழி எஸ்தர், “இங்கே வந்து பத்து நாள் கிட” என்று எழுதியிருந்தாள். ஜூலைக் கடைசி. மலை முழுக்க மூடுபனி. எதிரில் வருவது பஸ்ஸா மாடா என்று ஹார்ன் அடித்தால்தான் தெரியும். கம்பளியைச் சுற்றிக்கொண்டு, எஸ்தர் போடுகிற காப்பியைக் குடித்துக்கொண்டு சுகமாகத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது.

எஸ்தர் போவது ஒரு சின்னச் சபைக்கு. ஒண்டிக்கடை முக்கிலிருந்து சற்றுத் தள்ளி, ஓடு போட்ட ஒரு ஹால். கோபுரம் கிடையாது, மணி கிடையாது, அங்கி போட்ட பாஸ்டர் கிடையாது. ஆண்கள் பக்கம் நாலு பெஞ்சு, பெண்கள் பக்கம் நாலு பெஞ்சு, நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. வாராவாரம் கர்த்தரின் நினைவாக அப்பத்தை (ரொட்டிதான்) பிட்டு ஒரு தட்டில் வைத்து, கை மாற்றிக் கை மாற்றி எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் திருவிருந்து என்பதை அவர்கள் அப்பம் பிட்குதல் என்கிறார்கள். அவ்வளவுதானே வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வாசலில் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. முழுக்கை ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர். பெயர் ஞானமுத்து. ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். அந்தச் சபையை நடத்துகிற மூப்பரும் அவர்தான்.

“வாங்க சிஸ்டர், வாங்க. எந்த ஊருங்க?”

“சேலம்.”

“நொம்ப சந்தோசமுங்க. கடிதம் கொண்டாந்திருக்கீங்களா?”

“என்ன கடிதம்?”

“உங்க சபையில இருந்துங்க. இவங்க எங்க சகோதரி, ஏத்துக்கங்கன்னு ரெண்டு வரி.”

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றுவதில் அப்படி ஒரு மும்முரமாக இருந்தாள்!

“எஸ்தரைத் தெரியுமே, போதாதா?” என்றேன்.

“டீச்சரு உங்களைப் பள்ளிக்கூடத்துல பாத்தவங்க, சபையில பாக்கலைங்களே. கோவிச்சுக்காதீங்க. இன்னைக்குக் கடைசி பெஞ்சுல உக்காருங்க. பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் உங்களுக்கும்தானுங்க. அப்பம் மட்டும் கடிதம் வந்தப்பறம் எடுத்துக்கலாம்.”

எனக்கு எங்கிருந்து வந்தது கோபம், எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கர்த்தருடைய பந்தி என்ன ரேஷன் கடையா, கார்டு கேட்க? போய் உட்கார்ந்தேன். எஸ்தர் கூசாமல் இரண்டாவது பெஞ்சுக்குப் போய்விட்டாள். துரோகி.

பாட்டு முடிந்தது. அப்பம் பிட்டார்கள். தட்டு ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் கிளம்பி, பின்னால் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தேன். என்னைப் பின்னுக்குத் தள்ளிய அதே ஞானமுத்து, முன்னால் போகாமல் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு நேர் எதிர் ஓரம். தட்டு அவர் கைக்கு வந்தது. அவர் எடுக்கவில்லை. இடைவெளியைத் தாண்டி என்னிடம் நீட்டினார். நானும் எடுக்காமல் முன் பெஞ்சுக்குக் கொடுத்தேன்.

மூப்பருக்குமா கடிதம் இல்லை?

கூட்டம் முடிந்ததும் விறுவிறுவென்று கிளம்பினேன். அவர் வாசலில் மறித்தார். “மத்தியானம் நம்ம ஊட்டுலதானுங்க சாப்பாடு.”

“அப்பம் கிடையாது, சோறு மட்டும் உண்டா?” நாக்கு சும்மா இருக்குமா எனக்கு?

“அது ஆண்டவர் பந்திங்க, அங்க என் இஷ்டம் செல்லாது. இது என் ஊட்டுப் பந்தி. இதுக்குக் கடிதம் வேண்டாமுங்க” என்று சிரித்தார்.

போனோம். கோழிக்குழம்பு. அவர் மனைவி, நான் போதும் போதும் என்னும்போதெல்லாம் ஒரு கரண்டி ஊற்றினார். வயிறு நிறைந்ததும் எனக்குச் சண்டை போடத் தெம்பு வந்தது. ஆண்டவர் யாரிடமாவது கடிதம் கேட்டாரா? வரி வசூலிக்கிற ஆயக்காரனோடும் பாவிகளோடும் உட்கார்ந்து சாப்பிட்டவர்தானே?

ஞானமுத்து பதற்றப்படவில்லை. கேட்டதற்கெல்லாம் வேதத்திலிருந்து இடம் சொன்னார். துறைமுகத்து ஊரிலிருந்து ரோமாபுரிக்குப் போன ஒரு சகோதரியை ஏற்றுக்கொள்ளச் சொல்லி அப்போஸ்தலன் எழுதி அனுப்பவில்லையா? வேறு உபதேசத்தோடு வருகிறவனை வீட்டிலே சேர்க்காதே என்று இன்னோர் அப்போஸ்தலன் எழுதவில்லையா? சகோதரன் என்று பெயர் வைத்துக்கொண்டு துணிந்து பாவம் செய்கிறவனோடு சாப்பிடவும் வேண்டாம் என்று இல்லையா?

“அப்படியானால், விசுவாசத்தில் பலவீனனையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது? கிறிஸ்து நம்மை ஏற்றுக்கொண்டதுபோல ஏற்றுக்கொள்ளச் சொன்னது?” விடுவேனா நான்!

“அதும் இருக்குதுங்க. வேலியும் வேதத்துலதான் இருக்குது, வாசலும் வேதத்துலதான் இருக்குது. ஒண்ணை மட்டும் படிச்சா எஸ்டேட் நடக்காது சிஸ்டர். கடிதம் கேக்கறது உங்க மேல சந்தேகத்துலயில்லீங்க. உங்களுக்குப் பொறுப்புன்னு சொல்ல ஒரு சபை இருக்குதா, அங்க நீங்க எல்லாரோடயும் சமாதானமா இருக்கீங்களா, அதுக்குத்தான். தனியாத் திரியற ஆட்டைப் பாத்தா யாரு ஆடுன்னு கேக்கறதில்லீங்களா?”

ஆடு என்று என்னைத்தான் சொன்னார். அதனால் பேச்சை மாற்றினேன். “அதிருக்கட்டும். நீங்கள் ஏன் அப்பம் எடுக்கவில்லை?”

அவர் மனைவி கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எஸ்தர் என்னை முறைத்தாள். ஞானமுத்து கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நான் போட்ட வேலி ஒண்ணு தப்பாப் போச்சுங்க” என்றார்.

அந்தச் சபையில் சாராள் என்று ஒரு சகோதரி. வாழவந்தி ஊர். புருஷன் இல்லை. தோட்ட வேலைக்குப் போகிறவர். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா அன்று, ஞானமுத்து பஸ்ஸில் வரும்போது, சாராள் கோயில் பக்கமிருந்து கையில் தேங்காய் பழத் தட்டோடு இறங்கி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அடுத்த ஞாயிறு அப்பம் பிட்கும் முன் எழுந்து நின்று, “நம்ம நடுவில ஒரு சகோதரி கோயில் படைப்புல பங்கு எடுத்திருக்காங்க. சாராளம்மா இன்னைக்கு அப்பம் எடுக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். அத்தனை கழுத்தும் திரும்பியது. சாராள் எழுந்தார், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். பிறகு வரவே இல்லை.

எஸ்டேட் ரைட்டருக்கு என்ன வேலை? தினம் காலையில் தோட்டத் தொழிலாளர் முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. “இருவது வருசமா அப்படியே பழகின வாய்ங்க. சபையிலயும் பேரைக் கூப்பிட்டுருச்சு” என்றார்.

இரண்டு வாரம் கழித்து, பொன்னி என்று ஒரு பெண் எஸ்டேட் ஆபீசுக்கே தேடி வந்தாளாம். சாராளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, மலைக்காரக் குடும்பம், சாமி கும்பிடப் போனவள் அவள்தான். அவள் கேட்டதை ஞானமுத்து அப்படியே சொன்னார்.

“ஏனுங்க ரைட்டரு, திருவிழாக் கூட்டத்துல மயக்கம் போட்டு உழுந்த என்னை அவ தோள் கொடுத்துக் கூட்டிட்டு வந்தது குத்தமுங்களா? தட்டு என்னதுங்க. நான் வெச்சிருக்க முடியலைன்னு அவ வாங்கிப் புடிச்சா. எங்க சாமி தட்டைக் கீழ போட்டுட்டா வரச் சொல்றீங்க?”

ஞானமுத்து மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

“வேதத்துல படி போட்டே வெச்சிருக்குதுங்க. சகோதரன் தப்புப் பண்ணினா முதல்ல நீயும் அவனுமாத் தனியாப் பேசு. கேக்கலைன்னா ஒண்ணு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போ. அப்பவும் இல்லைன்னாத்தான் சபைக்குச் சொல்லு. மூணு படிங்க. நான் எடுத்த எடுப்புல மூணாவது படியில போய் நின்னுட்டேன். ‘என்னம்மா, கோயில் பக்கம் பாத்தனே’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவங்க சொல்லியிருப்பாங்க.”

தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். “சொன்னது எல்லார் முன்னாலயும், மன்னிப்பு மட்டும் தனியாவா?” என்று சாராள் கேட்டாராம். நியாயம்தானே? மறு ஞாயிறு சபையில் எழுந்து எல்லோர் முன்னாலும் கேட்டார். சபை மன்னித்துவிட்டது. ஆனால் கேட்க வேண்டிய காது அங்கே இல்லை. காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் செய்து வா என்று வேதத்தில் இருக்கிறதே... சாராள் வருகிறவரை தனக்கும் அப்பம் இல்லை என்று பின் பெஞ்சுக்குப் போய்விட்டார். ஆறு வாரமாக. யாரும் போகச் சொல்லவில்லை.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு உள்ளே ஏதோ நெருடியது.

இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இரண்டு வருஷம் முன்பு கிறிஸ்துமஸ் சமயத்தில், எங்கள் பெண்கள் ஐக்கிய சங்க விழாவுக்கு ஒருத்தி கொண்டுவந்த கரிக்கட்டை கேக்கைப் பற்றி எழுதி உங்களையெல்லாம் சிரிக்க வைத்தேன். பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன, சபையில் எல்லோருக்கும் தெரிந்தது. கமலா. எங்கள் சபை ஆபீசில் டைப்பிஸ்ட். அன்றிலிருந்து அவளும் நானும் பேசுவதில்லை. மாதம் ஒரு முறை திருவிருந்தில் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஒரே பாத்திரத்திலிருந்து பருகுகிறோம். எழுந்ததும் ஆளுக்கொரு பக்கம் போகிறோம். சங்கத்தின் பெயர் மட்டும் ஐக்கிய சங்கம்!

ஞானமுத்து மூன்றாவது படியில் நின்றார். சபைக்கும் மேலே நாலாவதாக ஒரு படி இருக்கிறது: வாரப் பத்திரிகை. நான் நேரே அங்கே ஏறியவள். ஆனால் இதை அப்போது ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஊரில் பாஸ்டருக்கு டிரங்க் கால் போட்டு ஒரு கடிதம் வாங்கிவிட்டால் அடுத்த வாரம் முன் பெஞ்சில் ஜம்மென்று உட்காரலாம் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை தபாலாபீசில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து லைன் கிடைத்தது. “கடிதமா? நடத்தைச் சான்றிதழா? அங்கே வேலைக்கா சேர்றீங்க?” என்று கத்தினார் பாஸ்டர். விளக்கிச் சொன்னேன். சனிக்கிழமை என் வீட்டுக்காரர் மேலே வரும்போது கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஞானமுத்து எஸ்தரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சாராளைப் பார்க்க வாழவந்திக்குப் பஸ் ஏறினார். வாராவாரம் போகிறாராம். அழைக்காமலே நானும் ஏறினேன். எழுதுகிறவள் புத்தி, வேறென்ன?

சாராளுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு இருக்கும். நேராகப் பார்த்துப் பேசுகிற கண். வாசலில் பாய் போட்டார். மூன்று டம்ளர் வரக்காப்பி கொண்டுவந்தார். ஞானமுத்துவுக்கும் ஒன்று இருந்ததை எண்ணிக்கொண்டேன்.

“ரைட்டரய்யா, நீங்க சபையிலயும் மன்னிப்புக் கேட்டீங்கன்னு டீச்சரம்மா சொன்னாங்க. எம் மனசுல உங்க மேல ஒண்ணுமில்லைங்க. ஆனா வர முடியலைங்க. அத்தனை பேரும் ஒண்ணாக் கழுத்தைத் திருப்பிப் பாத்தாங்களே... அது போகமாட்டேங்குதுங்க. வந்தா மறுக்கா பாப்பாங்க.”

நான் ஒரு வசனத்தை எதிர்பார்த்தேன். மனிதர் ஒரு வசனமும் சொல்லவில்லை. “சரிங்கம்மா. அடுத்த வியாழக்கிழமை வாரனுங்க” என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “சாராள், இவர் ஆறு வாரமாகப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அப்பம் எடுப்பதில்லை. உனக்குத் தெரியுமா?” என்று போட்டு உடைத்துவிட்டேன்.

“சிஸ்டர்!” என்றார் ஞானமுத்து. அந்த மெல்லிய மனிதருக்கு அவ்வளவு கோபம் வரும் என்று நினைக்கவில்லை.

“பின் பெஞ்சிலயா? நீங்களா?” சாராள் திகைத்துப் போய் அவரையே பார்த்தார். அவர் ரோட்டுக்கு இறங்கிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது எஸ்தரிடம் கேட்டேன், இத்தனை நாள் இதை ஏன் சாராளிடம் சொல்லவில்லை என்று. முன் சீட்டிலிருந்து அவரே திரும்பினார். “நாந்தானுங்க சொல்லக் கூடாதுன்னேன். நான் பட்டினி கிடக்கறேன், வாங்கன்னு கூப்பிட்டா, அது மன்னிப்புக் கேக்கறதில்லைங்க. மிரட்டறது.”

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இப்படி ஒரு மனிதரையா ரேஷன் கடைக்காரர் என்று நினைத்தேன்? வேலி போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தானே வெளியில் போய் நிற்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் வந்தார், கடிதத்தோடு. சபையின் முத்திரை, பாஸ்டர் கையெழுத்து, எல்லாம் கச்சிதம். ‘இக்கடிதம் கொண்டுவரும் சகோதரி எங்கள் சபையின் அங்கத்தினர். எங்கள் எல்லோரோடும் நல்ல ஐக்கியத்தில் இருப்பவர்.’

“யார் டைப் அடித்தது?” என்றேன், தெரிந்துகொண்டே.

“வேற யாரு? கமலாதான்.”

“ஏதாவது சொன்னாளா?”

“ஒண்ணும் சொல்லலை. எத்தனை காப்பி வேணும்னு மட்டும் கேட்டாங்க.”

மறுபடி படித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. ‘எங்கள் எல்லோரோடும் நல்ல ஐக்கியத்தில்.’ இந்த வரியை அவள் எப்படித்தான் அடித்தாளோ? அடிக்கும்போது என்னவெல்லாம் நினைத்தாளோ? கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. வாசலில் ஞானமுத்து என்னைப் பார்த்து, “கடிதம் வந்துதுங்களா?” என்றார். கோபமெல்லாம் ஆறியிருந்தது.

“இல்லைங்க” என்றேன்.

பொய்தான். கர்த்தர் மன்னிக்கட்டும். எஸ்தர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நானே போய்ப் பின் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன்.

முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஈரக் குடை வாசனை. திரும்பினேன். சாராள்!

ஒரு கழுத்துகூடத் திரும்பவில்லை. பாட்டு மட்டும் ஒரு கணம் தடுமாறிவிட்டு முன்னைவிடச் சத்தமாக வந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது; எல்லோரும் கழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சபையை நான் அந்த நிமிஷம் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பேன்.

அப்பம் பிட்டார்கள். தட்டு பின்னால் வந்தது. ஞானமுத்து வழக்கம்போல எடுக்காமல் என்னிடம் நீட்டினார். நான் சாராளிடம் கொடுத்தேன். சாராள் வாங்கினார். பார்த்தார். எடுக்கவில்லை. தட்டை அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்து, எதிர்ப் பக்கம் காட்டி மோவாயை அசைத்தார். அந்தச் சபையில் பாட்டைத் தவிரப் பெண்கள் வாய் திறப்பதில்லை. அதில் எனக்குத் தனிக் கோபம் உண்டு, அது கிடக்கட்டும். அன்று வாய் தேவைப்படவில்லை.

இடைவெளியைத் தாண்டித் தட்டை அவரிடம் நீட்டினேன். ஞானமுத்து சாராளைப் பார்த்தார். ஒரு துண்டு எடுத்தார். மஃப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தட்டு மறுபடி என் வழியாக வந்தது. இப்போது சாராளும் எடுத்தார்.

மூன்று தரம் என் கையில் வந்து போயிற்று அந்தத் தட்டு. போன வாரம் எடுக்கக் கூடாது என்றார்கள், கொதித்தேன். இந்த வாரம் கைப்பையில் கடிதம் இருந்தும் நானே எடுக்கவில்லை. அவமானமாக இல்லை. பசித்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மலையிறங்கி, சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியும் கையுமாகக் கமலா வீட்டுக் கதவைத் தட்டினேன். இரண்டு வருஷம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

“ஏனுங்க, லெட்டர்ல ஏதாச்சும் தப்பாப் போச்சுங்களா?”

“லெட்டர்ல இல்லை கமலா” என்றேன். அழுதுவிட்டேன். அவளும்தான்.

ஞானமுத்துவிடமும் சாராளிடமும் எஸ்தர் மூலம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அச்சுக்கு அனுப்புமுன் கமலாவுக்குத் தனியாகப் படித்தும் காட்டினேன். முதல் படி! அவள் ஒரே ஒரு திருத்தம் போடச் சொன்னாள். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாளாம்.

திருத்தம்: அந்தக் கேக்கைக் கருக்கியது கமலா அல்ல, அவள் மாவு கலந்து சுடக் கொடுத்தனுப்பிய பேக்கரியின் அடுப்பு.